காலந்தவறா வணிகர்

மதுரை மாநகரின் தெருக்களுக்குத் திங்களின் பெயர்கள் வாய்த்துள்ளன. அங்கயற்கண்ணியின் திருக்கோயில் மதிலுக்கு உட்புறம் ஆடி வீதி. மதிலைச் சுற்றிச் சித்திரை வீதி. அதற்கும் புறத்தே ஆவணி மூல வீதி. பின்னர் மாசி வீதி. இவ்வாறு சதுரத்துக்குள் சதுரமாக அமைந்தது அந்நகரம். எல்லாவற்றிற்கும் வெளியே, பழைய கோட்டை நின்ற இடத்தில், வெளி வீதிகள் ஓடுகின்றன. திருவிழா நடைபெறும் திங்களையே தெருவுக்குப் பெயராக்கிய ஊர் அது. ஆயினும், நாளையும் திங்களையும் தவறாது போற்றிய அவ்வூரார்க்கும், வைகைக் கரையிலும் கரிசல் நிலத்திலும் வாழ்ந்த சுற்றுப்புறச் சிற்றூரார்க்கும் மணியும் நிமிடமும் நெடுங்காலம் பெரியனவாகத் தோன்றவில்லை. கோழி கூவினால் விடியல்; கதிரவன் உச்சியை அடைந்தால் நண்பகல்; வண்டி என்று வருகிறதோ அன்று பயணம். இந்நிலையை மாற்றியவர் ஒரு வணிகர். மேல வெளி வீதியில் தலைமை நிலையம் கொண்டு விளங்கிய பெருநிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவர். அவர் பெயர் டி. வி. சுந்தரம் ஐயங்கார். டி.வி.எஸ். என்னும் மூன்றெழுத்துகளாலேயே மக்கள் அவரை அறிந்தனர்.

நெல்லைச் சீமையின் தென்பகுதியில், மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்தில், திருக்குறுங்குடி என்னும் பழம்பதி உள்ளது. ஆழ்வார்கள் பாடிய வைணவத் திருப்பதிகளுள் அதுவும் ஒன்று. அவ்வூரில் 1877 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22 ஆம் நாள் சுந்தரம் பிறந்தார். அஃது எத்தகைய காலம்! தாது ஆண்டுப் பஞ்சம் தமிழகத்தை வாட்டி வதைத்த காலம். சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பசியாலும் நோயாலும் மாண்டனர். ஓரூரில் குவிந்து கிடந்த தானியம் அடுத்த ஊரில் பசித்துக் கிடந்தவரை எட்டவில்லை. விலையேற்றமும் அன்றைய ஆட்சியாளரின் இரக்கமற்ற கொள்கையும் அதற்குக் காரணங்களாயின. வண்டி மாடுகள் புல்லும் நீருமின்றி மடிந்ததும் ஒரு காரணமாயிற்று. போக்குவரத்து இல்லாத நாட்டில் பஞ்சம் இரு மடங்கு கொடியதாகும் என்பதனை அவ்வாண்டுகள் தமிழகத்திற்குக் காட்டின.

சுந்தரம் கல்வி கற்றுத் தேர்ந்து, தந்தையாரின் விருப்பப்படி வழக்கறிஞர் தொழிலில் அடியெடுத்து வைத்தார். அத்தொழில் அவர் மனத்திற்கு ஒவ்வவில்லை. அதனை விடுத்து இருப்புப் பாதை அலுவலகத்தில் பணியாற்றினார். பின்னர் வங்கி ஒன்றிலும் அலுவல் பார்த்தார். ஓரிடத்தில் நிலைத்து நில்லாத இளைஞர் என்று உறவினர் எண்ணியிருந்தால் அதில் வியப்பில்லை. அந்நாளில் படித்த குடும்பத்து இளைஞர் ஒருவர்க்கு வழக்குமன்றமோ, அரசாங்க அலுவலகமோ, வங்கியோதான் தக்க இடம் எனக் கருதப்பட்டது. மாதந்தோறும் தவறாது வரும் ஊதியத்தை உதறிவிட்டு வணிகத்தில் இறங்குவது அறியாமை என்றே பலரும் கருதினர். ஆயினும், பின்னாளில் அவர் செய்த தொழிலை நோக்கும்போது இம்மூன்று பணிகளும் வீண் போகவில்லை என்றே கொள்ள வேண்டும். வாக்கு எவ்வாறு மனிதனைக் கட்டும் என்பதைச் சட்டம் கற்பிக்கும். நேர அட்டவணை என்பது யாது என்பதை இருப்புப் பாதை கற்பிக்கும். பிறர் பொருளைத் தம் பொருளினும் மிகுதியாகக் காக்க வேண்டும் என்பதை வங்கி கற்பிக்கும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு 1875 ஆம் ஆண்டிலேயே புகைவண்டி வந்துவிட்டது. ஆயின், புகைவண்டி தன் தண்டவாளத்தை விட்டு அப்பால் செல்லாது. தண்டவாளத்திற்கு இருபுறமும் பரந்து கிடந்த நூற்றுக்கணக்கான சிற்றூர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியும் புகையாகவும் காதில் விழும் ஒலியாகவும் மட்டுமே இருந்தது. மேற்கே போடிநாயக்கனூருக்கு இருப்புப் பாதை 1928 ஆம் ஆண்டில்தான் அமைந்தது. மன்னர் ஆட்சியில் இருந்த புதுக்கோட்டைச் சமத்தானத்திற்கு 1929 ஆம் ஆண்டு வரை புகைவண்டியே இல்லை. தஞ்சையிலிருந்து அங்குச் செல்ல ஏறத்தாழ 35 மைல். மாட்டு வண்டி ஓர் இரவும் மறுநாட் பொழுதில் ஒரு பகுதியும் செல்ல வேண்டும். இடையே மாடு களைத்தால் தங்க வேண்டும். மழை பெய்து ஓடையில் நீர் வந்தால் கரையிலேயே காத்திருக்க வேண்டும். கருவுற்ற பெண்ணை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோரும், வழக்குமன்றத்தில் வாய்தாவுக்கு உரிய நேரத்தில் நிற்க வேண்டியவரும், தேர்வெழுதச் செல்லும் மாணவரும் பட்ட துன்பத்தை எவரும் கணக்கெடுத்து எழுதி வைக்கவில்லை.

இத்துன்பத்தில் ஒரு தொழில் இருப்பதைச் சுந்தரம் ஐயங்கார் கண்டார். 1911 ஆம் ஆண்டில், தம் முப்பத்து நான்காம் அகவையில், அவர் தமது நிறுவனத்தைத் தொடங்கினார். 1912 ஆம் ஆண்டில் மதுரையில் அவருடைய பேருந்து ஓடத் தொடங்கியது. தென்னாட்டின் மோட்டார்ப் போக்குவரத்திற்கு அதுவே கால்கோளாக அமைந்தது எனலாம். தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதியிலும் அவர்தம் வண்டிகள் ஓடலாயின. நிறுவனத்தின் பெயரில் ஐயங்காரும் குமாரர்களும் என்று மக்களையும் சேர்த்தே பொறித்தனர். தாம் மட்டும் வாழ்ந்து முடிக்கும் தொழிலாக அவர் அதனை நினைக்கவில்லை என்பதற்கு அப்பெயரே சான்று.

இன்று ஒரு பேருந்தை ஓட்டுவது எளிய செயலாகத் தோன்றும். அன்று அவ்வாறில்லை. வண்டி கடல் கடந்து வர வேண்டும். அதன் சிறு திருகாணி ஒன்று உடைந்தாலும் மாற்றுத் திருகாணி கப்பலேறி வர வேண்டும். சாலைகள் கப்பிக்கல்லும் செம்மண்ணுமாக இருந்தன. கோடையில் முழங்கால் அளவு புழுதி. மழைக்காலத்தில் அதே அளவு சேறு. காளைகளின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த இலாட ஆணிகள் டயரைக் குத்திக் கிழிக்கும். மக்களோ மோட்டார் வண்டியைக் கண்டு அஞ்சினர். மாடும் இன்றிக் குதிரையும் இன்றி உறுமிக்கொண்டு ஓடும் அதனுள் ஏறி உட்காரத் துணிந்தவர் சிலரே. அச்சிலரை நம்பித் தம் கைப்பொருளைச் சாலையில் இறக்கினார் சுந்தரம் ஐயங்கார். தோற்றிருந்தால் இழந்த ஊதியத்தோடு இழந்த மதிப்பும் சேர்ந்து அவரை வாட்டியிருக்கும்.

ஆயினும், எந்திரத்தை ஓட்டுவதினும் அரிய செயல் ஒன்று இருந்தது. அதுதான் இவ்வரலாற்றின் உயிர்நிலை.

அந்நாளில் வாடகைக்கு ஓடிய வண்டிகள் எவையும் நேரம் பார்த்துப் புறப்படுவதில்லை. ஆட்கள் நிரம்பினால் புறப்படும். நிரம்பும் வரை நிற்கும். முதலில் ஏறியவர் வெயிலில் வெந்துகொண்டிருக்க, வண்டிக்காரர் கூவிக் கூவி அடுத்தவரை அழைப்பார். அவர்மீது முழுக்குற்றமும் சொல்வதற்கில்லை. பாதி இருக்கைகள் வெற்றாக இருக்க வண்டியை ஓட்டினால் அன்றைய எண்ணெய்ச் செலவுக்கும் பணம் தேறாது. பேருந்துத் தொழில் வந்த பிறகும் பல ஊர்களில் இவ்வழக்கம் தொடர்ந்தது.

சுந்தரம் ஐயங்காரின் வண்டிகள் இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளவில்லை. குறித்த மணிக்கு வண்டி புறப்பட்டது. ஆள் நிரம்பினும் நிரம்பாவிடினும் புறப்பட்டது. கணக்குப் பிள்ளையின் கண்ணுக்கு இது நட்டமாகவே தெரியும். வெற்றிருக்கை ஒவ்வொன்றும் கைவிட்டுப்போன காசு அன்றோ? உண்மைதான். ஆனால், வெற்றிருக்கையோடு குறித்த நேரத்தில் தன் ஊரைக் கடந்து செல்லும் வண்டியைச் சாலையோரத்தில் நின்ற உழவர் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். ஒரு திங்கள் முழுதும் பார்த்தார். பின்னர் ஒரு நாள் மதுரைக்குச் செல்லும் தேவை வந்தபோது அவர் ஐயமின்றிச் சாலைக்கு வந்து நின்றார். அன்று நிரம்பிய அந்த ஓர் இருக்கைக்காக முப்பது நாள் வெற்றிருக்கை செலவிடப்பட்டிருந்தது. வணிகத்தில் முதல் என்பது பணப்பெட்டியில் மட்டும் இருப்பதில்லை என்னும் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது.

மல்லிகை விளையும் சிற்றூர்களை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும். விடியுமுன் பறித்த மொட்டு, வெயில் ஏறுவதற்குள் மதுரைச் சந்தையை அடைந்தால் அதற்கு ஒரு விலை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தால் வேறு விலை. மாலையில் வந்தால் அது வெறும் குப்பை. வாய்தாவுக்கு வருபவர்க்கும் அவ்வாறே. அவர் வராத நேரத்தில் பெயர் அழைக்கப்பட்டு விட்டால் அவருடைய நிலமே கைமாறிப் போகலாம். வழக்கறிஞராகச் சின்னாள் பழகியவர்க்கு அத்துயரம் தெரியாமல் இராது. நேரத்தை நம்பித் தம் பொருளையும் வழக்கையும் உடல்நலத்தையும் முன்பின் அறியாத ஒருவரின் வண்டியில் ஏற்றி அனுப்ப மக்கள் துணிந்தனர். டி.வி.எஸ். வண்டி செல்வதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்னும் பேச்சு மதுரைச் சீமை எங்கும் வழங்கலாயிற்று. கடிகாரம் இல்லாத ஊர்களில் அவ்வண்டியே கடிகாரமாயிற்று.

ஒரு வண்டி காலையில் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டுமாயின் அதற்கான வேலை முதல் நாள் இரவே தொடங்கிவிடுகிறது. பிரேக் பிடிக்கிறதா, தண்ணீர் ஒழுகுகிறதா, டயரில் வெடிப்பு உண்டா என்று பணிமனையில் ஒருவர் விளக்கொளியில் குனிந்து பார்க்க வேண்டும். தேய்ந்த உறுப்பு முறிந்து போகும் வரை காத்திராமல், தேயும்போதே மாற்ற வேண்டும். மாற்றுவதற்கு வேண்டிய உறுப்பு அடுக்கில் இருக்க வேண்டும். வழியில் ஒரு வண்டி நின்றுவிட்டால் அதற்கு ஈடாக மற்றொரு வண்டி விரைந்து செல்ல வேண்டும். இவை அனைத்திற்கும் பொருட் செலவு உண்டு. பயணி இவற்றுள் ஒன்றையும் காண்பதில்லை. காணாத இடத்தில் செய்யும் செலவை மிச்சப்படுத்தத் தூண்டும் ஆசை எல்லா வணிகர்க்கும் வருவதே. ஐயங்காரின் நிறுவனத்தில் பழுது பார்க்கும் பணிமனைகளும் உதிரி உறுப்புகளின் வணிகமும் பேருந்துகளோடு சேர்ந்தே வளர்ந்தமைக்குக் காரணம் இதுவேயாகும்.

இன்னும் ஒன்று. நேரத்தைக் காப்பவர் மேல வெளி வீதியில் அமர்ந்திருக்கும் முதலாளி இல்லை; முப்பது மைலுக்கு அப்பால், எவருடைய கண்ணும் எட்டாத சாலையில் வண்டியைச் செலுத்தும் ஓட்டுநரே. காசு அவர் பக்கத்தில் நிற்கும் நடத்துநரின் பையில் இருக்கிறது. தொலைபேசியும் அரிதாக இருந்த நாளில், அதிகாலையில் புறப்பட்ட இருவரும் இரவு திரும்பும் வரை என்ன செய்கின்றனர் என்பதை முதலாளி அறிய வழியில்லை. காவலர் வைத்துக் காக்க முடியாத தொழில் அது. தொழிலாளி தன் வண்டியைத் தன்னுடையதாகக் கருதினாலன்றி அட்டவணை ஒரு வாரமும் தாங்காது. அது பல்லாண்டு தாங்கியது. தலைவர் ஒருவர் நேர்மையாளராக இருப்பது ஒரு சிறப்பு. அவர் காணாத இடத்திலும் அவருடைய நேர்மை நடமாடுவது அதனினும் அரிய சிறப்பு. பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் சதர்ன் ரோடுவேஸ் என்னும் பெயரில் பெருகிய காலத்திலும் இந்நிலை குலையவில்லை.

இரண்டாம் உலகப் போர் இந்த நம்பிக்கையைக் கடுமையாகச் சோதித்தது. 1942 ஆம் ஆண்டில் ஜப்பானியப் படைகள் மலேயாவையும் பர்மாவையும் கைப்பற்றின. பர்மாவிலிருந்து எண்ணெய் வருவது நின்றது; மலேயாவின் இரப்பர்த் தோட்டங்கள் பகைவர் வசமாயின. பெட்ரோல் அளந்து வழங்கப்பட்டது. அதுவும் போர்ப் பணிகளுக்கே முதலில் சென்றது. டயர் கிடைப்பது குதிரைக் கொம்பாயிற்று. நாட்டில் எங்கும் கள்ளச் சந்தை தலைவிரித்து ஆடியது. பேருந்து முதலாளி ஒருவர் வண்டிகளை நிறுத்திவிட்டு வாளாவிருந்தாலும் அன்று எவரும் அவரைக் குறை கூறியிருக்க மாட்டார்கள்.

சுந்தரம் ஐயங்கார் வண்டிகளை நிறுத்த விரும்பவில்லை. பெட்ரோல் இல்லாவிடினும் கரி இருந்தது. கரியைப் போதிய காற்றுப் படாதவாறு அடைத்த உருளையில் எரித்தால் ஒரு வகை வாயு உண்டாகும். அதனைக் குளிர வைத்து, தூசியும் சாம்பலும் போக வடிகட்டி, எந்திரத்திற்குள் செலுத்தினால் பெட்ரோலின் ஆவியைப் போல அதுவும் தீப்பற்றி எந்திரத்தை இயக்கும். இதற்கான கருவியை வடிவமைத்துச் செய்வித்தார். டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட் என்று அதற்குப் பெயர். பேருந்தின் பின்புறம் உயரமான அடுப்புப் போன்ற அவ்வுருளை பொருத்தப்பட்டிருக்கும். புறப்படுவதற்கு நெடுநேரம் முன்பே ஒருவர் கரியை நிரப்பித் தீ மூட்டி, விசிறியைச் சுழற்றிக் கனலை எழுப்ப வேண்டும். பெட்ரோலில் ஓடும்போது இருந்த வலிமை எந்திரத்திற்கு இராது. மேட்டில் ஏறும்போது வண்டி பெருமூச்சு விடும். கரித்தூள் உடையில் படியும். புகை கண்ணைக் கரிக்கும். அழகான பயணம் என்று அதனை எவரும் சொல்லார். ஆனால் வண்டி ஓடியது. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் மக்கள் சென்று வந்தனர். டயருக்கும் அவர் வழி கண்டார். தேய்ந்த டயரின் உடல் கெடாமல் இருந்தால் அதன்மேல் புதிய இரப்பர்ப் பட்டையைச் சூட்டில் ஒட்டி மீண்டும் ஓட்டலாம். ரீட்ரெடிங் எனப்படும் அத்தொழிலுக்கு மதுரையில் ஆலை அமைந்தது. போர் முடிந்து, டயர் தாராளமாகக் கிடைத்த பிறகும் அத்தொழில் நிலைத்துவிட்டது.

சுந்தரம் ஐயங்காருக்கும் அவர்தம் துணைவியார் இலட்சுமி அம்மையாருக்கும் ஐந்து ஆண்மக்களும் மூன்று பெண்மக்களும் பிறந்தனர். அவர்களுள் சௌந்தரம் என்னும் பெண்ணின் வாழ்வு தனியே சொல்லத் தக்கது. 1904 ஆம் ஆண்டில் பிறந்த அவர்க்கு அக்கால வழக்கப்படி இளமையிலேயே மணம் முடித்தனர். இளமையிலேயே அவர் கணவரை இழந்தார். அந்நாளில் அக்குலத்துக் கைம்பெண்ணுக்கு வாய்த்த வாழ்வு இருட்டறை வாழ்வே. சுந்தரம் ஐயங்கார் வைதிக நெறியில் ஊன்றி நின்ற குடும்பத்தினர். ஊரார் சொல்லுக்கு அஞ்ச வேண்டிய வணிகரும்கூட. ஆயினும், மகளை இருட்டறைக்கு அனுப்பாமல் படிக்க அனுப்பினார். டில்லி மாநகரில் உள்ள லேடி ஹார்டிஞ்சு மருத்துவக் கல்லூரியில் பயின்று சௌந்தரம் மருத்துவரானார். கைம்பெண்ணான மகளை ஆயிரம் மைலுக்கு அப்பால் தனியே அனுப்பிய தந்தை அன்று தமிழகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்?

ஆனால், அவர் நெஞ்சுரத்திற்கும் ஓர் எல்லை இருந்தது என்பதையும் மறைத்தல் ஆகாது. காந்தியடிகளின் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை மறுமணம் செய்துகொள்ளச் சௌந்தரம் விரும்பியபோது பெற்றோர் அதற்கு இசையவில்லை. மாப்பிள்ளை வேறு குலம், வேறு மொழியினர், மணமோ மறுமணம். காந்தியடிகள் முன்னிலையில் 1940 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7 ஆம் நாள் அத்திருமணம் நடந்தது. புதிய சாலைகளில் வண்டி ஓட்டிய தந்தையார் அச்சாலையில் மட்டும் மகளோடு நடக்கத் தயங்கினார். எனினும், அவர் அளித்த கல்வியே மகளுக்குத் தன் வழியைத் தானே தேர்ந்துகொள்ளும் துணிவைத் தந்தது. திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டிக்கு அருகே 1947 ஆம் ஆண்டில் சௌந்தரமும் அவர் கணவரும் காந்திகிராமத்தைத் தோற்றுவித்தனர். சிறிய மருத்துவ நிலையமாகத் தொடங்கிய பணி, பள்ளியும் மருத்துவமனையும் கைத்தொழிற் கூடங்களும் கொண்ட பெருநிலையமாக வளர்ந்தது. பின்னர் நடுவண் அரசில் கல்வித் துணையமைச்சராகவும் சௌந்தரம் விளங்கினார்.

வணிகர் பலர் தாம் தொடங்கிய தொழிலை இறுதி மூச்சு வரை விடுவதில்லை. முதுமையில் கை நடுங்கும், கண் மங்கும், ஆயினும் சாவிக்கொத்து மட்டும் இடுப்பில் இருக்கும். சுந்தரம் ஐயங்கார் தம் மக்கள் தகுதி பெற்றதும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்து விலகி நின்றார். ஒருவர் மதுரையைப் பார்க்க, ஒருவர் சென்னையைப் பார்க்க, எனத் தொழிலின் கிளைகளை மக்கள் தாங்கினர். மோட்டார் உதிரி உறுப்புகளை விற்க மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், வண்டிகளை விற்கச் சுந்தரம் மோட்டார்ஸ் எனப் புதிய நிறுவனங்கள் எழுந்தன. உதிரி உறுப்பு வணிகம் மிகவும் நம்பிக்கை வேண்டும் வணிகம். பெட்டிக்குள் இருப்பது அசலா, போலியா என்று வாங்குபவர்க்குத் தெரியாது. வண்டி மலைச் சரிவில் இறங்கும்போதுதான் தெரியும். அப்போது தெரிந்து பயன் இல்லை. அத்தகைய வணிகத்தில் விற்பவரின் பெயரைப் பார்த்தே மக்கள் பெட்டியை வாங்கினர். 1950களில் அமெரிக்க நாட்டு ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளை மிகுதியாக விற்ற முகவராகவும் அந்நிறுவனம் திகழ்ந்தது.

1955 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 28 ஆம் நாள், கொடைக்கானலில் தம் இல்லத்தில், சுந்தரம் ஐயங்கார் காலமானார். அப்போது அவர்க்கு அகவை 78.

அவர் மறைவதற்கு முந்திய ஆண்டிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இந்தியாவில் வண்டிகளைப் பூட்டி இணைக்கும் வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது. விற்பதற்கு வெளிநாட்டு வண்டி இல்லை. வெறும் விற்பனையை நம்பியிருந்த வணிகர் பலர்க்கு அது பேரிடியாயிற்று. ஐயங்காரின் மக்கள் உறுப்புகளைத் தாமே செய்யத் துணிந்தனர். சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா, மின்கருவிகள் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன் ஆகியவை 1960 முதல் 1962 வரையான ஆண்டுகளில் அடுத்தடுத்துத் தோன்றின. இங்கிலாந்து நாட்டு நிறுவனங்கள் தம் தொழில்நுட்பத்தை நம்பிக் கொடுப்பதற்கு ஆள் தேடியபோது, மதுரைச் சாலைகளில் சம்பாதித்த பெயர் கடல் கடந்து உதவிற்று. பேரர் காலத்தில் எழுந்த சுந்தரம் பாசனர்ஸ் நிறுவனம், 1990களில் அதே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வண்டிகளுக்கு ரேடியேட்டர் மூடிகளைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பியது. தரத்திற்காக ஜப்பான் நாட்டில் வழங்கப்படும் டெமிங் பரிசினை 1998 ஆம் ஆண்டில் இந்திய நிறுவனங்களுள் முதலாவதாகப் பெற்றது சுந்தரம் கிளேட்டன்.

எல்லாவற்றிற்கும் வித்தாக இருந்த பேருந்துகள் மட்டும் அக்குடும்பத்தின் கையில் நிலைக்கவில்லை. 1972 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு பெரும் பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியது. மதுரைப் பகுதியில் ஓடிய டி.வி.எஸ். பேருந்துகளைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. பொதுமக்களின் போக்குவரத்து பொதுமக்களுக்கே உரியதாதல் வேண்டும் என்பது அரசின் கொள்கை. சிற்றூர்கள் பலவற்றிற்கு அதன்பின் புதிதாகப் பேருந்து சென்றதும் உண்மையே. வண்டியின் பக்கத்தில் எழுதியிருந்த பெயர் அழிக்கப்பட்டு வேறு பெயர் எழுதப்பட்டது. ஆயினும், சாலையோரத்துத் திண்ணைகளில் அமர்ந்திருந்த முதியவர்கள், வண்டி சற்றுத் தாமதமாக வந்தால், பழைய வண்டி ஊரைக் கடந்து சென்ற மணியையும் நிமிடத்தையும் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தனர்.